காரணம் என்ற கட்டம்

இருபத்து மூன்று பால் சங்கங்களுக்கும் ஒரே சேர்வர்.
அது கிடப்பது எங்கேயோ கடலுக்கு அப்பால்,
மாத வாடகை டொலரில்.
கிளிநொச்சியில், டயர்க் கடையின் மேல்மாடியில்
அதற்குக் காவல் இருவர்:
நானும் சாருஜனும்.

ஒரே அட்டவணையில்தான் எல்லாருடைய மாடும் நிற்கிறது.
முரசுமோட்டையின் சிவலை, நெடுங்கேணியின் மறை,
துணுக்காயில் ஈனப்போகிற ஒன்று.
ஒவ்வொரு வரியின் தொடையிலும்
சங்கத்தின் இலக்கம், குறிசுட்டது போல.
குறி பாராமல் ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு
மாடு வெறும் மாடுதான்.

மாசியில் ஒரு செவ்வாய், பின்னேரம் நாலரை.
முரசுமோட்டையிலிருந்து புவனலோஜினி எடுத்தாள்.
"அக்கா, இண்டைக்கு நாலு பேருக்குத்தான் கடன் பதிஞ்சனான்.
லிஸ்ற்றிலை அஞ்சு நிக்குது."
மூச்சு விட்டாள்.
"இந்த மனிசி எங்கட ஆள் இல்லை."

அறிக்கையை எழுதியது நான்.
'இந்தச் சங்கம் எனில் மட்டும்' என்கிற
அரை வரி விடுபட்டிருந்தது.
அங்கத்தவர் இலக்கம் நூற்றேழு
அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.
பரிசோதனைகள் எல்லாம் பச்சை காட்டித்தான் வழிவிட்டன.
பின்னே,
பரிசோதனைக்கென்று நாங்கள் கட்டிய உலகத்தில்
ஒரேயொரு சங்கம்தானே இருந்தது.
அயலே இல்லாத ஊரில்
எந்த வேலி பிரியும்?

நெடுங்கேணி. நூற்றேழு. நாற்பதாயிரம் ரூபாய்.
காரணம்: மகனைத் தேடுகிற வழக்குக்குப் போய்வர.

பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு கட்டளை,
தொண்ணூறு செக்கன்.
அதற்குப் பிறகு இரண்டு இரவு நித்திரையில்லை.
பூட்டை எங்கள் ஞாபகத்திலிருந்து கழற்றித்
தரவுத்தளத்தின் உள்ளேயே போட்டோம்.
இனி நான் மறந்தாலும்
குறி சொல்லாமல் கேட்கிறவனுக்கு
வெறும் பட்டிதான் தெரியும்.
ஒரு கள்ளனையும் எழுதினோம்.
ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் அவன்
பக்கத்துப் பட்டியின் குறியோடு போய்
இருபத்து மூன்று படலையையும் ஆட்டிப் பார்ப்பான்.
ஒன்று அசைந்தாலும் வெளியீடு நிற்கும்.
சாருஜன் அவனுக்குத் தன் மச்சானின் பெயரை வைத்தான்.

இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டது.
முதலில் ஆகச் சின்னச் சங்கத்துக்கு,
பத்து நிமிடம் பொறுத்து மற்றவைக்கு.
இடையில் கரண்ட் போனது, யூபிஎஸ் கத்தியது,
எங்கள் கை படாமலே அது
தன்பாட்டில் நடந்து முடிந்தது.
நாலு மணிக்குப் பால் கறக்கிறவர்கள் எழும்பும்போது
ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அதைச் சொல்லத்தான் போனேன்,
மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் தாண்டி.
இராசமலர் வைக்கோல் உதறிக்கொண்டு நின்றா.
"ஆர் பார்த்தது?"
"ஒரு பிள்ளை. பதினொரு செக்கன் திறந்திருந்தது.
பதிவிலை இருக்கு."
"பதினொரு செக்கன்," என்றா. "அது காணும்."
பிறகு, கோபம் இல்லாமல்:
"நீங்கள் ஏன் பிள்ளை அதைக் கேட்டனீங்கள்?
கடன் தர மாடு காணாதே?"

பூட்டைப் பற்றி எவ்வளவோ சொல்ல வைத்திருந்தேன்.
அந்தக் கட்டம்
ஏதோ ஒரு வங்கியின் படிவத்தைப் பார்த்துப் போட்டது.
அதை வாசித்து எவரும்
ஒரு முடிவும் எடுத்ததில்லை.

அடுத்த வெளியீட்டில் அந்த நிரலையே எடுத்துவிட்டோம்.
கட்டளை ஒரு வரி.
பிள்ளைப்பேறு, கூரைத் தகரம், செயற்கைக் காலுக்கு வார்,
தங்கச்சியின் கலியாணம், 'சொல்ல விருப்பமில்லை',
எல்லாம் போயின.
கள்ளன் வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

காப்புப் பிரதியில் மட்டும் முப்பது நாள் இருக்கும்.
நாங்களே எழுதிய விதி.
அதையும் எடுத்துச் சொன்னேன்.
கலண்டரில் கோடு போடுகிறேன் என்றா,
மாடு நாம்பன் போட்டிருக்கு என்றா,
வைத்துவிட்டா.

இன்றைக்கு இருபத்தாறு.